வைக்காமல் விட்ட பெயர்: ஒரு கடல் ஹைட்ராய்டை வகைப்படுத்திய நிகழ்வின் ஆய்வு

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீண்ட ஒரு வேலையின் பதிவு இது. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர்: மூத்த ஆய்வாளர் ஒருவர், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த மாணவி, மாதிரிக் காப்பகத்தைக் கவனித்துக்கொண்ட நான். ஊர், நிறுவனம், ஆட்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. அந்த உயிரினத்துக்கு நாங்கள் சூட்ட நினைத்த பெயரும் இல்லை. அதற்கான காரணம் பின்னால் தெரியும்.

பின்னணி

துறைமுகத்துத் தண்ணீரில் தொங்கவிட்ட சோதனைத் தகடுகளில் என்னென்ன ஒட்டி வளர்கிறது என்று பார்ப்பது மாணவியின் வேலை. கப்பலின் அடியில் ஒட்டுபவை எல்லாம் இந்தத் தகடுகளுக்கும் வந்து சேரும். கொட்டலசு, குழாய்ப்புழு, பிரையோசோவா என்னும் நுண்விலங்குக் கூட்டம், அவற்றின் முதுகிலும் இடுக்கிலும் ஹைட்ராய்டு. முதல் முறை பார்ப்பவர் ஹைட்ராய்டைப் பாசி என்றுதான் சொல்வார். பழைய சேகரிப்பாளர்கள் கடற்பாசிகளோடு சேர்த்து இதையும் தாளில் அழுத்தி உலரவைத்தார்கள். இவை விலங்குகளே என்று ஜான் எல்லிஸ் 1755இல் விரிவாக வாதிட்டார். அதன் பிறகும் லின்னேயஸ் இவற்றைத் 'தாவர விலங்கு' என்று பொருள்படும் ஒரு பிரிவில்தான் வைத்தார்.

பெயரிடலில் வரும் சிக்கலுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. பல ஹைட்ராய்டுகளுக்கு இரண்டு உடல்கள் உண்டு. ஒன்று, அடியில் ஒட்டிக்கொண்டு கொடிபோலப் படரும் பாலிப் கூட்டம். மற்றொன்று, அந்தக் கூட்டத்திலிருந்து மொட்டாக அரும்பிப் பிரிந்து நீந்திப்போகும் சின்ன ஜெல்லிமீன், அதாவது மெடூசா. பாலிப்பை ஆராய்ந்தவர்கள் பாறையையும் பாசியையும் சுரண்டினார்கள். மெடூசாவை ஆராய்ந்தவர்கள் வலை இழுத்தார்கள். இரு தரப்பாரும் நெடுங்காலம் ஒருவர் மாதிரியை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே பெயர்களைச் சூட்டிக்கொண்டு போனார்கள். விளைவாக, ஒரே விலங்கு இரண்டு பெயர்களில், சில நேரம் இரண்டு குடும்பங்களில், பட்டியலில் ஏறியது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு எங்கள் மாதிரி சேர்ந்த பேரினமே. கிளைட்டியா என்ற பேரினத்தை லாமூரூ 1812இல் பாலிப்பை வைத்து அமைத்தார். லூக்கார்ட் 1856இல் மெடூசாவை வைத்து ஃபியாலிடியம் என்ற பேரினத்தை அமைத்தார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது முந்தையதான கிளைட்டியா நின்றது. இனப்பெயரில் நடந்தது இதற்கு நேர்மாறு. லின்னேயஸ் 1767இல் ஒரு மெடூசாவுக்கு 'மெடூசா ஹெமிஸ்ஃபேரிகா' என்று பெயரிட்டிருந்தார். அதன் பாலிப்புக்கு 1856இல் ஆல்டர் 'ஜான்ஸ்டோனி' என்று பெயரிட்டார். இங்கே மெடூசாவின் பெயர் முந்தியது. ஆகவே இன்று நாம் கிளைட்டியா ஹெமிஸ்ஃபேரிகா என்று எழுதும்போது, முதல் சொல் பாலிப்பிடமிருந்தும் இரண்டாம் சொல் மெடூசாவிடமிருந்தும் வந்தவை. ஒரு பெயருக்குள்ளேயே இரண்டு உடல்களும் இருக்கின்றன. இதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எங்கள் வேலையில் அதை மறந்தவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் வேடிக்கை.

முதலில் கண்டது

இரண்டாவது தொகுதித் தகடுகளைத் தூக்கியபோது, பிரையோசோவா மீது படர்ந்திருந்த ஒரு சிறு கூட்டத்தை மாணவி தனியே எடுத்தார். மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணாடிபோன்ற ஒரு கிண்ணம். ஹைட்ரோதீக்கா என்று இதைச் சொல்வோம். பாலிப் ஆபத்தை உணர்ந்தால் இதற்குள் சுருங்கிக்கொள்ளும். கிண்ணத்தின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். விளிம்பில் கூர்மையான பற்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்தவை.

சாய்ந்த கூர்ப்பற்கள் என்றால் கைநூலைத் திறக்காமலே வாயில் வரும் பெயர் கிளைட்டியா கிராசிலிஸ். நார்வேக் கடலோரப் பயணத்துக்குப் பிறகு மைக்கேல் சார்ஸ் 1850இல் விவரித்த இனம் அது. ஹெமிஸ்ஃபேரிகாவின் பற்கள் மழுங்கலாக, நேராக இருக்கும். மெடூசாக்கள் அரும்பும் கூடான கோனோதீக்காவிலும் வேறுபாடு உண்டு. ஹெமிஸ்ஃபேரிகாவில் அது வளையம் வளையமாக மடிந்திருக்கும், கிராசிலிஸில் வழவழப்பாக இருக்கும். எங்கள் மாதிரியில் பற்கள் கிராசிலிஸைப்போல இருந்தன. கூட்டிலோ தெளிவாக வளையங்கள் தெரிந்தன.

இந்தச் சேர்க்கை எந்தக் கைநூலிலும் இல்லை. மூத்த ஆய்வாளர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இது பெயர் இல்லாதது" என்றார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேசையருகே நின்ற மூவருக்கும் அது இருந்தது.

அன்று எடுத்த மாதிரி முழுவதையும் பழக்கத்தின்படி ஃபார்மலினில் போட்டோம். உருவத்தைக் காக்க ஃபார்மலின் நல்லது, ஆனால் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதை அது பெரும்பாடாக்கிவிடும். உயிருடன் ஒரு கிளையைக்கூட நாங்கள் ஒதுக்கிவைக்கவில்லை.

முதல் முடிவு

அடுத்த சில மாதங்களில் மாணவி அதே துறைமுகத்தில் இன்னும் இரண்டு இடங்களில் இதைக் கண்டுபிடித்தார். இந்த முறை பாதியை 95 சதவீத எத்தனாலில் போட்டார். ஹைட்ராய்டுகள் அடங்கும் ஹைட்ரோசோவா வகுப்பில் வழக்கமாகப் பார்க்கப்படும் 16எஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டைப் படித்தோம். தரவுத்தளத்திலிருந்த ஹெமிஸ்ஃபேரிகா வரிசைகளிலிருந்து அது தெளிவாக விலகி நின்றது. கிராசிலிஸ் என்ற பெயரில் இருந்த சில வரிசைகளோடு நெருங்கியது, வேறு சிலவற்றிலிருந்து தள்ளியே இருந்தது.

அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். ஒரே பெயரில் பதிவான வரிசைகள் தங்களுக்குள்ளேயே ஒன்றுசேரவில்லை என்றால், ஒன்று அந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன, அல்லது சிலர் பெயரைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். கிராசிலிஸ் என்ற பெயர் ஒரே மரபுவழியைக் குறிக்கவில்லை என்பதைப் பல ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. நாங்களோ எங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் படித்தோம்: 'எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை, ஆகவே புதியது.'

மூத்த ஆய்வாளர் ஒரு லத்தீன் பெயரைத் தேர்ந்தெடுத்தார். கிளைட்டியா பெண்பால் சொல், ஆகவே உரிச்சொல்லாக வரும் இனப்பெயரின் ஈறு அதற்கு இணங்க வேண்டும். ஃபியாலிடியம் கிரெகாரியம் என்று இருந்தது கிளைட்டியாவுக்கு மாறியபோது கிரெகாரியா ஆனதும் இதனால்தான். இலக்கணத்தை மிகக் கவனமாகப் பார்த்தோம். பெயர் சூட்ட வேண்டுமா என்பதில் அந்தக் கவனத்தில் பாதிகூட இல்லை.

வேலைக்கு வசதி என்று அந்தப் பெயரை நான் பாட்டில் சீட்டுகளில் எழுதினேன். மாணவி அதே பெயரில் 16எஸ் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றினார். ஒரு கருத்தரங்கின் சுவரொட்டியிலும் அது பெரிய எழுத்தில் இடம்பெற்றது. மூன்றையும் செய்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். தடுக்கக்கூடிய ஒரே இடம் காப்பகம், அதாவது நான்.

மதிப்பாய்வாளரின் இரண்டு கேள்விகள்

கட்டுரையை இதழுக்கு அனுப்பினோம். பெயர் தெரியாத மதிப்பாய்வாளர்களில் ஒருவர் சுருக்கமாக இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இதன் மெடூசா எங்கே? நீங்கள் கிராசிலிஸ் என்று எதை வைத்துக்கொண்டு ஒப்பிட்டீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு விடை சங்கடமானது. சார்ஸ் பார்த்த மாதிரியோடு நாங்கள் ஒப்பிடவில்லை. நார்வேயிலிருந்து புதிதாகச் சேகரித்த மாதிரியோடும் ஒப்பிடவில்லை. பிற்காலத்தவர் பிற கடல்களில் கண்டு 'கிராசிலிஸ்' என்று வரைந்த படங்களோடுதான் ஒப்பிட்டோம். விலங்கியலில் பெயர் என்பது விவரணைக்கோ படத்துக்கோ கட்டப்பட்டதில்லை, ஒரு மூலமாதிரிக்குக் கட்டப்பட்டது. உருவத்தை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், பெயர் எந்த உயிரினத்துக்கு உரியது என்ற சந்தேகம் வந்தால் அந்த மாதிரியிடம், அது இல்லாவிட்டால் அது கிடைத்த கடலிடம்தான் போக வேண்டும்.

முதல் கேள்வியைக் குழு முதலில் அலட்சியமாகவே எடுத்துக்கொண்டது. புதிய இனத்தை விவரிக்க மெடூசாவும் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மூத்த ஆய்வாளர் அப்படித்தான் பதில் எழுதத் தொடங்கினார், விதியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு கேட்பவை வேறு. பிற இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் விவரணை வேண்டும், மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், அது எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டும், இணையத்தில் மட்டும் வெளியிட்டால் ஸூபேங்க் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். இவை இருந்தால் பெயர் செல்லத்தக்கது. இனம் உண்மையிலேயே தனி இனமா என்று விதித்தொகுப்பு ஒருபோதும் கேட்பதில்லை. அந்தப் பொறுப்பை அது எழுதுபவரிடமே விட்டுவிடுகிறது.

ஆனால் மதிப்பாய்வாளர் கேட்டது விதியைப் பற்றி அல்ல என்பதை மாணவிதான் முதலில் புரிந்துகொண்டார். ஒரே இனத்தின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு பெயர்கள் சூட்டப்பட்டிருந்தால், எந்தப் பருவத்துக்கு வைத்தது என்று பாராமல் முந்தைய பெயருக்கே முன்னுரிமை. ஃபியாலிடியம் என்ற பேரினத்தில் மெடூசாக்களுக்கு ஏற்கெனவே ஏராளமான பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் பாலிப்பின் மெடூசாவாக இருந்துவிட்டால், நாங்கள் வைக்கும் பெயர் பிறக்கும்போதே இணைப்பெயர். பாலிப் நூல்களை மட்டும் புரட்டிவிட்டு 'பெயர் இல்லாதது' என்று சொல்லியிருக்கிறோம். நூலகத்தின் மறு பாதியைத் திறக்கவே இல்லை.

வளர்த்துப் பார்த்தது

கட்டுரையைத் திரும்பப் பெறாமல் அவகாசம் கேட்டோம். மாணவி துறைமுகத்திலிருந்து உயிருள்ள கூட்டங்களைக் கொண்டுவந்து, சிறு துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் நூலால் கட்டி, வடிகட்டிய கடல்நீரில் வைத்தார். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியின் குஞ்சுகள்தான் உணவு. முதல் இரண்டு முயற்சிகள் அழுகிப்போயின. மீந்த உணவை அகற்றாமல் விட்டதுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. மூன்றாவது முறை கூட்டம் கண்ணாடியில் வேர்பிடித்துப் படர்ந்தது.

கோனோதீக்காக்கள் தோன்றத் தொடங்கியதும் அவர் நாள்தோறும் ஒரே கிளையைப் படம் எடுத்தார். ஒரு காலையில் காப்பகத்துக்கு வந்து இரண்டு படங்களை மேசையில் வைத்து, "சார், இது வளையமா, சுருக்கமா?" என்று கேட்டார்.

முதல் படத்தில் மெடூசா மொட்டுகள் நிறைந்த கூடு, சுவர் வழவழப்பு. நான்கு நாள் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் மொட்டுகள் எல்லாம் வெளியேறிவிட்டன. காலியான கூட்டின் மெல்லிய சுவர் தளர்ந்து, குறுக்கே மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. நாங்கள் ஃபார்மலினில் போட்ட முதல் மாதிரியை எடுத்து மறுபடி நோக்கினோம். அதிலிருந்த கூடுகளில் ஒன்றில்கூட மொட்டு இல்லை. புதிய இனத்துக்கு ஆதாரம் என்று நாங்கள் அளந்து, எண்ணி, மைக்கோட்டில் வரைந்த வளையங்கள், மெடூசாக்கள் விட்டுப்போன வெறுங்கூட்டின் சுருக்கங்கள்.

இதை எழுதும்போது இன்றும் கூசுகிறது. ஹெமிஸ்ஃபேரிகாவின் வளையம் சுவரின் அமைப்பிலேயே இருப்பது, மொட்டு இருக்கும்போதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிட வேலை. வைக்கவில்லை.

வெளிவந்த மெடூசாக்களுக்கு நான்கு உணர்கைகள் இருந்தன. இது கிளைட்டியாவுக்குப் பொதுவானது. சில வாரங்கள் வளர்த்ததில் கைகள் பெருகின, ஆரக்கால்வாய்களின் மேல் இனச்சுரப்பிகள் தோன்றின. ஆனால் பிற கிளைட்டியா மெடூசாக்களிலிருந்து இதைத் திட்டமாகப் பிரித்துக்காட்டும் ஒரு பண்பும் கிடைக்கவில்லை. பழைய ஃபியாலிடியம் விவரணைகள் பலவற்றில் கை எண்ணிக்கையும் குடையின் அளவும் மட்டுமே இருக்கின்றன. இரண்டும் வயதோடும் உணவோடும் மாறுபவை. கொட்டும் செல்களையும் அளந்தோம், அவையும் வழிகாட்டவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. மரபணு வேறுபாட்டை மட்டும் வைத்துப் புதிய பெயரை வெளியிடுவது. கிராசிலிஸ் என்றே எழுதிவிடுவது. அல்லது இரண்டும் இல்லாமல், 'கிளைட்டியா சி.எஃப். கிராசிலிஸ்' என்று எழுதி மாதிரி எண்ணோடு வெளியிடுவது. சி.எஃப். என்பது 'ஒப்பிட்டுப் பார்க்க' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். இதுதான் என்று அடித்துச் சொல்லாமல், இதற்கு நெருக்கமானது என்று மட்டும் சொல்லும்.

மூத்த ஆய்வாளர் முதல் வழியின் பக்கம் நின்றார். அவர் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. 16எஸ் வரிசை உண்மை, அது தனி மரபுவழி, பெயரில்லாத ஒன்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், பெயர் வைத்தால்தான் மற்றவர்கள் அதை எடுத்து ஆராய்வார்கள். மாணவிக்கு முனைவர் பட்டத்தில் ஒரு புதிய இனம் இருப்பதன் மதிப்பும் அவர் கணக்கில் இருந்தது. இரண்டாம் வழி யாருக்கும் பிடிக்கவில்லை. கடல் கடலாக வேறுபட்டவற்றை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டிய தவறை நாமும் தொடர்வதாகிவிடும்.

மூன்றாம் வழியைக் கேட்டவர் மாணவி. சார்ஸின் கிராசிலிஸ் எந்த மரபுவழி என்று நார்வே மாதிரிகளின் வழியாக முடிவாகாத வரை, அந்தக் கூட்டத்துக்குள் எது 'புதியது' என்று சொல்ல முடியாது என்பது அவர் நிலை. எங்களுடையதே உண்மையான கிராசிலிஸாகவும் மற்றவை பெயரில்லாதவையாகவும் இருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. நான் மாணவியின் பக்கம் சேர்ந்தேன். இரண்டு வாரம் கழித்து மூத்த ஆய்வாளரும் ஒப்புக்கொண்டார். மனநிறைவோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

கசிந்த பெயர்

பெயரைக் கைவிட்டோம் என்று நாங்கள் நினைத்தபோது அது வெளியே நடமாடிக்கொண்டிருந்தது. வேறொரு குழுவினர் தங்கள் இனப்பட்டியல் ஒன்றில், தரவுத்தளத்திலிருந்து எடுத்து, எங்கள் பெயரைச் சேர்த்திருந்தார்கள். விவரணையும் மூலமாதிரியும் இல்லாத பெயர் விதிப்படி வெற்றுப்பெயர், 'நோமென் நூடம்'. கருத்தரங்கில் பங்கேற்றவர்களுக்கென்று அச்சிடும் சுருக்கத்திலோ சுவரொட்டியிலோ வரும் பெயருக்கும் விதித்தொகுப்பில் மதிப்பில்லை. அப்படியானால் தீங்கில்லை என்று தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. பட்டியலைப் படிப்பவர் விதித்தொகுப்பைத் திறந்துவைத்துக்கொண்டு படிப்பதில்லை. பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் பெயர் நகரும்.

பெயர் ஒருமுறை புழக்கத்துக்கு வந்தால் எவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு இந்தத் துறையிலேயே சான்றுகள் உண்டு. 'சாகாத ஜெல்லிமீன்' என்று செய்தித்தாள்கள் எழுதும் டர்ரிடாப்சிஸை எடுத்துக்கொள்ளலாம். முதிர்ந்த மெடூசா மறுபடி பாலிப்பாக மாறுவதை விவரித்த 1996ஆம் ஆண்டுக் கட்டுரை மத்தியதரைக் கடல் விலங்கை நியூட்ரிகுலா என்ற பெயரில் குறிப்பிட்டது. அந்தப் பெயர் 1857இல் மெக்ரேடி அமெரிக்கக் கரையில் கண்ட இனத்துக்கு உரியது. மத்தியதரைக் கடலினது வைஸ்மான் 1883இல் பெயரிட்ட டோர்னி என்ற இனம். 2004இல் ஷூஹெர்ட் இதைப் பிரித்துக்காட்டிய பின்னும் பழைய பெயர் பல இடங்களில் தொடர்கிறது. கிளைட்டியாவிலேயே இன்னொன்று: கிளைட்டியா கிரெகாரியாவின் ஒளிப்புரதத்தை ஃபியாலிடின் என்றும் கிளைட்டின் என்றும் உயிர்வேதியியலார் அழைக்கிறார்கள். பேரினப்பெயர் ஒன்றான பின்னும் புரதத்துக்கு இரண்டு பெயர்கள் தங்கிவிட்டன.

தரவுத்தளப் பதிவை ஏற்றியவர்தான் திருத்த முடியும். மாணவி அதை 'கிளைட்டியா சி.எஃப். கிராசிலிஸ்' என்று மாற்றி, காப்பக எண்ணையும் சேர்த்தார். பட்டியல் வெளியிட்ட குழுவுக்கு நான் கடிதம் எழுதினேன். அவர்கள் இணையப் பதிப்பில் திருத்தினார்கள். அச்சில் போனது போனதுதான்.

பின்னர் நடந்தது

கட்டுரை புதிய தலைப்பில், புதிய பெயர் இல்லாமல், வேறொரு இதழில் வந்தது. முதல் இதழ் 'புதிய இனம் இல்லாவிட்டால் எங்கள் வரம்புக்குள் வராது' என்று சொல்லிவிட்டது. காலியான கூட்டின் சுருக்கமும் உண்மையான வளையமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள படப்பக்கம்தான் அதில் அதிகம் பயன்பட்டிருக்கிறது என்று எனக்கு வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. மாணவி அந்த அதிகாரத்தைத் திருத்தி எழுத ஆறு மாதம் கூடுதலாகச் செலவிட்டார். பட்டம் கிடைத்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு உதவித்தொகை இல்லை. அதன் சுமையை அவர் மட்டும்தான் தாங்கினார், தவறு மூவருடையது.

வடக்குக் கடல்களின் கிராசிலிஸை ஆராயும் ஒருவர் எங்கள் எத்தனால் மாதிரியில் ஒரு கிளையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது தகட்டிலிருந்து எடுக்கும் எந்த ஹைட்ராய்டுக் கூட்டத்தையும் மூன்றாகப் பிரிக்கிறோம்: ஃபார்மலினுக்கு ஒன்று, எத்தனாலுக்கு ஒன்று, உயிருடன் தொட்டிக்கு ஒன்று. கோனோதீக்காவை விவரிக்கும்போது அதனுள் மொட்டு இருந்ததா இல்லையா என்று எழுதாத குறிப்பை நான் காப்பகத்தில் ஏற்பதில்லை. பெயர் தேடும்போது பாலிப் நூல்களோடு மெடூசா நூல்களையும் பார்த்ததாக எழுத்தில் இருக்க வேண்டும். வெளியிடாத லத்தீன் பெயர் சீட்டிலோ கோப்பின் தலைப்பிலோ வரக்கூடாது. எண் மட்டுமே. இந்தப் பதிவில் அந்தப் பெயரை நான் எழுதாததற்கும் இதுவே காரணம். எழுதினால் இன்னொரு முறை கசியும்.

மூத்த ஆய்வாளர் இந்த ஏற்பாடுகளில் கடைசியை மட்டும் இன்னும் மிகை என்கிறார். இளம் ஆய்வாளர்களுக்கு எண்ணைவிடப் பெயர் நினைவில் நிற்கும் என்பது அவர் வாதம். நின்றதுதான் பிரச்சினை என்று நான் சொல்வேன்.

காப்பகத்தில் பழைய சீட்டைக் கிழித்தெறியும் வழக்கம் இல்லை. புதிய சீட்டை எழுதிப் பழையதோடு சேர்த்து உள்ளே போடுவோம். அந்தப் பாட்டிலில் இப்போது இரண்டு சீட்டுகள் மிதக்கின்றன. ஒன்றில் எண்ணும், சி.எஃப். என்ற சுருக்கமும், திருத்திய நாளும் இருக்கின்றன. மற்றொன்றில் என் கையெழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, குறுக்கே ஒரு கோடு.